சுப்புராயனுக்கு அழுத தளம்

பாகூர் ஏரித் தண்ணீர் மேல் சத்தியமாக, நாற்பது வருஷம் எனக்குச் சோறு போட்ட கொத்தனார் கரணை மேல் சத்தியமாக, இதில் எழுதப்போவது அத்தனையும் நடந்தது. ஒரு சொல் கூட்டவில்லை. யாரும் நம்பமாட்டார்களோ என்று ஒன்றிரண்டு இடத்தில் குறைத்திருக்கிறேன். அதற்கு மன்னிக்க வேண்டும்.

பாகூரில் பாட்டு வீடு என்று ஒரு கட்டடம் உண்டு. பிரஞ்சுக்காரன் காலத்தில் நெல் மண்டி வைத்திருந்த வைத்தியலிங்கச் செட்டியார், சங்கீதப் பித்துப் பிடித்துக் கட்டியது. பதினாறு தூண், ஒரு மேடை, மேலே தேக்குச் சட்டங்கள் மீது செங்கல் அடுக்கிப் போட்ட சுண்ணாம்புத் தளம். மைக் என்ற சாமான் ஊருக்கு வராத காலம் அது. மேடையில் பாடுகிறவர் மூச்சை இழுத்தால் கடைசித் தூணில் சாய்ந்திருப்பவனுக்கு நெஞ்சு விரியும். நாகஸ்வரக்காரர் அடுத்து எந்த ராகம் என்று மனசுக்குள் யோசிக்கும்போதே கடைசி வரிசையில் தலை ஆட ஆரம்பித்துவிடும். அப்புறம் அவர் வேறு ராகத்துக்குப் போக முடியாது. போன ஒருவரைத் திருக்கனூர் வரைக்கும் துரத்தினார்கள்.

செட்டியார் போனதும் கச்சேரி நின்றது. தளம் ஒழுகியது. வௌவால் குடியேறியது. 1973இல் அந்த வீடு செட்டியாரின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேருக்குப் பொதுவாக நின்றது. மூத்தவர் சிவகாமசுந்தரி அம்மாள், கல்யாணம் செய்துகொள்ளாமல் பாகூரிலேயே இருந்தவர். நடை பழகியதே அந்த மேடையில்தான் என்பார். இளையவர் இளங்கோவன், மதகடிப்பட்டு முச்சந்தியில் சிமெண்டுக் கடை வைத்திருந்தார். அக்காவுக்கு வீட்டைப் பழையபடி ஆக்கிக் கச்சேரி நடத்த வேண்டும். தம்பிக்கு அதை இடித்துவிட்டு ரைஸ் மில் போட வேண்டும்.

பேச்சுவார்த்தை கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசு வாசலில், ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் முன்னால் நடந்தது. கொத்தனார் வேலைக்குப் பேசியிருந்ததால் நானும் நின்றேன்.

"அக்கா, நீ தளத்த போடு, பூசு, வெள்ள அடி. நான் குறுக்க வரல. தைப்பூசத்தன்னைக்கு ஒரு கச்சேரி வை. மைக் செட்டு கிடையாது. பாட்டு கடைசித் தூணாண்ட நிக்கிற எனக்குக் கேக்கணும். கேட்டுச்சுன்னா இந்தப் பக்கம் தலவச்சிப் படுக்க மாட்டேன். கேக்கலன்னா மறுநாளு காலைல கடப்பாரை."

"கேட்டா போதுமில்ல?" என்றார் அம்மாள்.

"கேட்டா போதும்."

"பின்னால பேச்சு மாறக் கூடாது."

"நான் சிமெண்டு விக்கிறவன்க்கா. ஒருவாட்டி இறுகிட்டா இறுகுனதுதான்."

அம்மாள் என் பக்கம் திரும்பினார். "சிங்காரவேலு மேஸ்திரி, முடியுமா?"

முடியாது என்று நான் எதற்குமே சொன்னதில்லை. "கடைசித் தூணு இன்னாம்மா, தூணுக்கு அந்தாண்ட இருக்கிற புளியமரத்துக்கே கேக்க வைக்கிறேன்" என்றேன்.

புரட்டாசியில் வேலை தொடங்கினேன். கிழக்குச் சுவரின் பழைய பூச்சைக் கொத்தும்போது, நாற்பது வருஷமாக உள்ளே இறுகிக் கிடந்த கைதட்டல் பொலபொலவென்று கொட்டியது. மூன்று பாண்டுச் சட்டி தேறியது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஏரிக்கரைப் பள்ளத்தில் கொட்டிவிட்டோம். மழை நாளில் அங்கே தவளை கத்தி ஓய்ந்ததும் ஒரு கணம் விட்டுக் கைதட்டு வரும். தவளைகள் அதற்காகவே கத்துகின்றன என்று என் எண்ணம். இதெல்லாம் பெரிய விஷயமில்லை. விஷயம் தளத்தில்தான்.

சுண்ணாம்புத் தளம் போடுவது பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து விரித்த பிறகு பெண்கள் வரிசையாகக் குந்தி, கையகல மரக்கட்டையால் மூன்று நாள் தட்ட வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டினால்தான் இறுகும். நடுவில் விட்டால் வெடித்துவிடும். பன்னிரண்டு கட்டையும் ஒரே நேரத்தில் விழ வேண்டுமானால் பாட்டு வேண்டும். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள், கட்டை தாளத்துக்கு விழும்.

எடுத்துக் கொடுக்க அபிஷேகப்பாக்கத்திலிருந்து நாகம்மாளை வரவழைத்தேன். கூடவே பதினோரு பெண்கள். மார்கழி இரண்டாம் வாரம் மேலே ஏறினார்கள். முதல் நாளும் மறுநாள் மதியம் வரைக்கும் கிழக்குப் பாதி. அதற்கு நாகம்மாள் கேலிப் பாட்டு எடுத்தாள்.

"எருமக்கன்னு தேடிப்போன எங்கத்தானே ஏலேலோ,
எதுத்த வூட்டுல இன்னா வேல எங்கத்தானே ஏலேலோ!"

கீழே நின்ற எனக்கே கால் தாளம் போட்டது. இரண்டாம் நாள் மதியம் மேற்குப் பாதிக்குக் கலவையை விரித்து, முதல் கட்டை விழப் போகிற நேரத்தில், செல்லிப்பட்டிலிருந்து செல்லக்கண்ணு சைக்கிளில் வந்து இறங்கினான். நாகம்மாளுக்கு ஒன்றுவிட்ட கொழுந்தன்.

"அண்ணி, ஒங்க மாமனாரு போயிட்டாரு."

"யாரு பாத்தது?"

"நாந்தான். ஆத்து மணல்ல வாயத் தெறந்துகினு கெடந்தாரு. குச்சியால குத்திப் பாத்தேன். இன்னான்னு கூட கேக்கல."

மாமனார் சுப்புராயன். செல்லிப்பட்டில், சங்கராபரணி ஆற்றங்கரையில் இளைய மகனோடு இருந்தவர். குச்சியால் குத்தினால் இன்னான்னு கேட்காத ஆள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோரும் நம்பிவிட்டோம்.

"போயிட்டு வா நாகம்மா, வேற ஆளப் பாக்குறேன்" என்றேன். கலவை விரித்த நிலையில் அதைச் சொன்னது என் நல்ல மனசு.

அவள் கலவையைத் தொட்டுப் பார்த்தாள். "அவரு பெரிய மவன் நெய்வேலியிலேருந்து வரணும். நாளைக்கு சாயங்காலம்தான் எடுப்பாங்க. சுண்ணாம்பு காத்துகினு இருக்காது மேஸ்திரி. மாமா காத்துகினு இருப்பாரு. தட்டிட்டுப் போறேன்."

ஆனால் மாமனார் செத்த சேதி கேட்டு மருமகள் அழாமல் இருக்க வழக்கம் இடம் கொடுக்காது. கட்டை நிற்கவும் கூடாது. இரண்டையும் அவள் சேர்த்துவிட்டாள். ஒப்பாரி எடுத்தாள். பதினோரு பேரும் வாங்கினார்கள். பன்னிரண்டு கட்டையும் தாளத்துக்கு விழுந்தன.

"ஆத்து மணல்மேல ஆலமரம் சாஞ்சதென்ன,
சோத்துல உப்பில்லன்னு சொல்ல ஆளு போனதென்ன!"

அன்று பொழுது சாயும் வரைக்கும், மறுநாள் விடிந்ததிலிருந்தும், இதேதான். சுண்ணாம்பு அவ்வளவு நன்றாக இறுகி நான் பார்த்ததில்லை. தெருவில் போனவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று அழுதுவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் மதியம் சாரத்தில் ஒரு கிழவர் ஏறி வந்தார். மேலே வந்து மூச்சு வாங்கி, பெண்களைப் பார்த்தார்.

"இன்னாடி, யாருக்கு அழுவுறீங்க?"

நாகம்மாள் கட்டையைக் கீழே வைக்கவில்லை. "ஒனக்குத்தான் மாமா."

"எனக்கா? மதகடிப்பட்டு டீக்கடையில நான் செத்துட்டேன்னு பேசிகினாங்க. செரி, இன்னான்னு கேட்டுட்டுப் போவலாம்னு பஸ் ஏறி வந்தேன்."

"குச்சியால குத்துனப்ப எழுந்திருக்கக் கூடாதா?"

"நல்ல தூக்கம்டி. ஏதோ கொசுன்னு விட்டுட்டேன்." சுப்புராயன் கைப்பிடிச் சுவர் மேல் வசதியாக உட்கார்ந்தார். "செரி, வுடாதே. மொதல்லேருந்து பாடு. நான் இன்னும் கேக்கலியே."

மீதி வேலையையும் அவருக்குக் கேட்கக் கேட்க ஒப்பாரியிலேயே முடித்தார்கள். இரண்டு இடத்தில் அவர் திருத்தம்கூடச் சொன்னார்.

நான் செய்த தப்பு அங்கேதான். பாட்டு தட்டுகிற கைக்கு என்று நினைத்தேன், தளத்துக்குள் இறங்கும் என்று நினைக்கவில்லை. சாதாரண வீட்டில் இறங்கினால் பாதகமில்லை, ஆட்டுக்கல் சத்தத்தில் அமுங்கிவிடும். இது பாட்டு வீடு.

பொங்கல் கழிந்து, உள்பூச்சு முடிந்து, சாரம் பிரித்த அன்று மேற்குப் பக்கம் நின்றுகொண்டு, "அந்தச் சுண்ணாம்ப எடுத்தா" என்று ஆளைக் கூப்பிட்டேன். தளம் அதை வாங்கி, "சுண்ணாம்பே… என் சுண்ணாம்பே…" என்று இழுத்து, மாரில் அடித்துத் திருப்பிக் கொடுத்தது. ஆட்கள் தலைத்துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்கள். கிழக்குப் பக்கம் போய் அதையே சொன்னேன். அங்கே தளம், சுண்ணாம்புக்கும் எதிர்த்த வீட்டுக்காரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பதுபோல் சிரித்தது.

தைப்பூசத்துக்கு இன்னும் பதினோரு நாள். கச்சேரிக்கு ஒப்புக்கொண்டிருந்த வள்ளிநாயகி அம்மாள் வில்லியனூரிலிருந்து ஒத்திகைக்கு வந்தார். பாடினால் கூண்டில் இருக்கிற கிளி பேச்சை மறந்துவிடும், அப்படிக் குரல். மேடையில் உட்கார்ந்து கல்யாணி எடுத்தார். கிழக்கே கல்யாணி சிரித்துக்கொண்டே போனது. மேற்கே முகாரியாக விழுந்தது.

பாடுவதை நிறுத்திவிட்டு, "மேஸ்திரி, நான் ஒரு பாட்டுதான் பாடுறேன். இங்க ரெண்டு வூட்டு விசேஷம் நடக்குது" என்றார்.

சேதி மதகடிப்பட்டுக்குப் போய்விட்டது. மறுநாளே இளங்கோவன் வந்தார். மேற்கே நின்று ஒரு செருமல் செருமினார். அது திரும்பி வந்த விதத்தைக் கேட்டு அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"அக்கா, எழவுக்கு வாடகைக்கு வுடலாம். அதுக்கு எதுக்கு இம்மாம் பெரிய வூடு? மில்லுக்கு மிஷின் சொல்லிட்டேன்."

அவர் போனதும் சிவகாமசுந்தரி அம்மாள் மேடை விளிம்பில் உட்கார்ந்தார். "ஒடச்சிட்டுத் திருப்பிப் போட முடியாதா, மேஸ்திரி?"

"போடலாம்மா. இறுக ஒன்னரை மாசம் ஆவும்."

"அப்போ என் தாத்தா வூட்ட நானே இடிச்சிக் குடுத்த மாதிரி ஆச்சி."

அவர் அழவில்லை. மேற்கே அழுதால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். எனக்குத்தான் அந்த நேரத்தில் விஷயம் பிடிபட்டது. தளம் பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தவரைக்கும் சுப்புராயன் செத்துவிட்டார். அது மேலிருந்து வாங்கிய சேதி. ஆள் பிழைத்து வந்தபோது அவர் தளத்துக்கு மேலே உட்கார்ந்திருந்தார், கீழே வரவே இல்லை. யாரும் அதற்கு விவரம் சொல்லவில்லை.

செல்லிப்பட்டுக்குப் போய் அவரை அழைத்து வந்தேன். மேற்குப் பாதியின் நடுவில் நிறுத்தினேன்.

"நிமிந்து பாத்துப் பேசுங்க" என்றேன்.

"யாராண்ட?"

"தளத்தாண்ட."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மேலே பார்த்துச் சொன்னார். "யோவ் தளம், நான்தான் சுப்புராயன். சாவல. தூங்கினு இருந்தேன். எனக்காவ அழுத மட்டும் சந்தோஷம்."

தளத்திலிருந்து கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. சங்கடப்பட்டிருக்கும். வள்ளிநாயகி அம்மாளைப் பாடச் சொன்னேன். கல்யாணி கிழக்கேயும் கல்யாணி, மேற்கேயும் கல்யாணி. கடைசித் தூணைத் தாண்டிப் புளியமரத்துக்குப் போய், அங்கே இருந்த காக்கை சரியான இடத்தில் தலையாட்டியது.

சுப்புராயன் பீடி குடிக்க வெளியே போனார். அடுத்த அடியே முகாரி. உள்ளே வந்தார், கல்யாணி. ஆக, அவர் தளத்தின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது தெரிந்தது.

"கச்சேரி முடியிற வரைக்கும் இங்கியே இருப்பீங்களா?" என்று சிவகாமசுந்தரி அம்மாள் அவரைக் கேட்டார்.

"இருக்கலாம்தான். ஆனா எனக்குத் தரையில குந்துனா இடுப்பு புடிக்கும். சாய்வு நாற்காலி வேணும்."

செட்டியாரின் நாற்காலியையே தூசி தட்டிப் போட்டோம். தூங்கிப் பேர் வாங்கிய மனிதருக்குச் சாய்வு நாற்காலி கொடுத்தது என் வாழ்க்கையில் நான் செய்த இரண்டாவது தப்பு.

தைப்பூசம் வந்தது. கிருமாம்பாக்கம், கரையாம்புத்தூர், அந்தப் பக்கம் கடலூர் வரைக்கும் ஜனம். இளங்கோவன் கடப்பாரையோடு நாலு ஆட்களைக் கூட்டிவந்து, மேற்குக் கோடியில் கடைசித் தூணில் சாய்ந்து நின்றார். காலையில்தானே வேலை என்று கேட்டதற்கு, "கையோட முடிச்சிடலாம்னு" என்றார். சுப்புராயன் நாற்காலியில் புது வேட்டியோடு, தளத்துக்கு நன்றாகத் தெரியும்படி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாகம்மாள், தேவைப்பட்டால் கிள்ளுவதற்கு.

முதல் மூன்று பாட்டு பிசகில்லை. சிவகாமசுந்தரி அம்மாள் மேடைக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவரைப் பார்க்காமல் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். இளங்கோவன் காதுக்குக் கையை வைத்து, உதட்டைப் பிதுக்கி, "ஒன்னும் வரலியே" என்று சைகை செய்தார். அவருக்குக் கேட்டது. தலை தாளம் போட்டதை நானே பார்த்தேன். ஆனால் கேட்டது என்று சொல்ல வேண்டியவர் அவர்தானே. அவர் சொல்லாவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? அம்மாளின் முகம் சுருங்கியது. கடப்பாரை ஆட்கள் கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டார்கள்.

நாலாவது பாட்டு நீளம். கல்யாணியில் ஆலாபனை. நாகம்மாள் கிள்ள மறந்து பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டாள். சுப்புராயனின் தலை பின்னால் சாய்ந்தது. வாய் திறந்தது.

தளம் பார்த்தது. ஆற்று மணலில் கிடந்தாராம் என்று கேள்விப்பட்ட அதே கோலம், இப்போது கண்ணெதிரே. ஒரு தரம் ஏமாந்த தளம் இந்தத் தரம் ஏமாறுவதில்லை என்று முடிவு செய்திருக்க வேண்டும். பன்னிரண்டு கட்டையும் பன்னிரண்டு தொண்டையும் சேர்ந்து, மேற்குப் பாதி முழுக்க, ஒப்பாரி இறங்கியது.

மேற்கே உட்கார்ந்திருந்த முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் அழுதார்கள். கடலூரிலிருந்து வந்த வக்கீல் ஒருவர், யார் என்றே தெரியாத சுப்புராயனை "அப்பா" என்று கூப்பிட்டார். நாலு ஆட்களும் கடப்பாரையை ஊன்றி அதன் மேல் நெற்றியை வைத்துக் கேவினார்கள். இளங்கோவன் தூணைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் நான் போட்ட பூச்சு அந்த இடத்தில் மட்டும் இன்றும் ஈரம். கிழக்கே உட்கார்ந்தவர்கள் கல்யாணியைக் கேட்டுச் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டு, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

பாட்டு முடிந்தது. சிவகாமசுந்தரி அம்மாள் ஜனத்தை விலக்கிக்கொண்டு கடைசித் தூணுக்குப் போனார். அந்த நாலு பெரியவர்களும் பின்னாலேயே போனார்கள், மூக்கைச் சிந்திக்கொண்டு.

"தம்பி, கேட்டுதா?"

இளங்கோவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். கேட்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயில் ஒரு விக்கல் வந்தது.

"எதுக்குடா அழுவுறே, ஒன்னும் கேக்காமலா?"

"அவங்க பாடுனது கல்யாணிக்கா. எனக்குக் கேட்டது ஒப்பாரி."

"கேட்டா போதும்னுதான சொன்னே? இன்னா பாட்டுன்னு சொன்னியா?"

அவர் பெரியவர்களைப் பார்த்தார். அவர்கள் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினார்கள். அவர் சிமெண்டு விற்கிறவர். இறுகினது இறுகினதுதான்.

"சொல்லல" என்றார். "கேட்டுச்சிக்கா. நல்லாவே கேட்டுச்சி. வூடு ஒன்னுது." பிறகு நாலு ஆட்களையும் வெறுமனே திருப்பி அனுப்ப மனசில்லாமல், வாசலில் தென்னம்பிள்ளை வைக்க நாலு குழி தோண்டிவிட்டுப் போகச் சொன்னார்.

அந்தச் சத்தத்தில் சுப்புராயன் கண்ணைத் திறந்தார். "முடிஞ்சிருச்சா? எப்படி இருந்துச்சி?"

"இன்னொருவாட்டி தூங்கு மாமா, கேக்கலாம்" என்றாள் நாகம்மாள்.

அதற்குப் பிறகு அங்கே கச்சேரி நிற்கவே இல்லை. டிக்கெட் கொடுக்கும்போதே கிழக்கா மேற்கா என்று கேட்டுக் கொடுப்பார்கள். மேற்குதான் முதலில் தீரும். வாய்விட்டு அழ இடம் கிடைக்காத பெரிய உத்தியோகஸ்தர்கள் புதுச்சேரியிலிருந்து காரில் வருவார்கள். சுப்புராயன் உயிரோடு இருந்தவரைக்கும் நாற்காலியில் வந்து படுத்துக்கொள்வார், அவருக்கு மட்டும் டிக்கெட் இல்லை. 1981இல் அவர் உண்மையிலேயே போனபோது சேதி சொல்ல நானே பாட்டு வீட்டுக்குப் போனேன். மேற்கே நின்று சொன்னேன். தளம் ஒன்றும் பேசவில்லை. ஒரு சாவுக்கு எத்தனை தரம்தான் அழும்?

யாரும் நம்பமாட்டார்களோ என்று குறைத்ததில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: 1958 மாசி மகத்தன்று காதோரம் அதிர்வேட்டு வெடித்ததில் எனக்கு இரண்டு காதும் போய்விட்டன; அன்றிலிருந்து இன்றுவரைக்கும் நான் எந்த ஓசையையும் கேட்டதில்லை.